பாரிஸ் மாநகராட்சியின் வேதியியல் கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறோம்?

பாரிஸின் ஐந்தாவது வட்டாரத்தில், வோக்லேன் தெரு 10ஆம் எண்ணில் இருக்கும் ஈ.எஸ்.பி.சி.ஐ. முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், பாரிஸ் மாநகரின் தொழில்துறை இயற்பியல், வேதியியல் உயர்கல்லூரி. 1882இல் தொடங்கியது. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான். ஆனால் 'மேரி கியூரி எங்கே வேலை செய்தார்?' என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் சோர்போன் பல்கலைக்கழகம் என்றுதான் சொல்வார்கள். கல்லூரியின் பெயர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இந்தப் பக்கத்தை எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சியா? குப்பை அள்ளுகிற, தெருவிளக்கு போடுகிற மாநகராட்சியா?

அதேதான். பிரான்சில் பேர் பெற்ற பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அரசினுடையவை. எகோல் பாலிடெக்னிக் ராணுவ அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சுரங்கக் கல்லூரி, பாலங்கள் கல்லூரி எல்லாம் அரசு அதிகாரிகளை உருவாக்கவே தொடங்கப்பட்டவை. இது மட்டும் நகரசபைப் பணத்தில் பிறந்தது. இன்றைக்கும் அதன் பொறுப்பு பாரிஸ் நகரத்திடம்தான் இருக்கிறது.

இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. 1870-71 போரில் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்றது. ஒப்பந்தப்படி அல்சாஸ் பகுதியும் லொரைனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. அல்சாஸோடு முலூஸ் நகரும் போனது. துணி அச்சிடும் ஆலைகள் நிறைந்த ஊர் அது. அந்த ஆலைகளுக்குச் சாயம் தெரிந்த ஆட்களைத் தயார் செய்ய 1822இலேயே அங்கே ஒரு வேதியியல் பள்ளி வந்துவிட்டது. தொழிலுக்கான வேதியியலைச் சொல்லிக்கொடுப்பதில் பிரான்சின் முதல் பள்ளி. எல்லைக்கோட்டை மாற்றி வரைந்ததும் அந்தப் பள்ளியும் ஜெர்மனிக்குள் போய்விட்டது.

நிலம் போனதைவிடச் சாயம் போனது சிலரை அதிகம் உறுத்தியது. ஃபுக்சின் என்ற செஞ்சாயத்தை 1859இல் லியோன் நகரில்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் பிரெஞ்சுக் காப்புரிமைச் சட்டம் செய்முறையை விட்டுவிட்டுப் பொருளையே காத்தது. வேறு வழியில், மலிவாக அதே சாயத்தை ஒருவர் தயாரித்தாலும் விற்க முடியாது. வேலை தெரிந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் பக்கம் போனார்கள். 1868-69இல் ஜெர்மானியர்கள் அலிசரின் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அதுவரை அந்தச் சிவப்புக்காகத் தெற்கு பிரான்சில் வயல் வயலாக மஞ்சிட்டி வேர் பயிரிட்டு வந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வேளாண்மை படுத்துவிட்டது.

1878இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. ஷார்ல் லோத் என்ற வேதியியலாளர், ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்த அல்சாஸ்காரர், அங்கே வேதிப்பொருள் பிரிவைப் பார்த்துவிட்டு அமைச்சருக்கு எழுதினார்: நமக்கு ஒரு தேசிய வேதியியல் பள்ளி வேண்டும். அரசு அசையவில்லை. நகரசபை அசைந்தது. 1882இல் கல்லூரி திறந்தது.

லோத் கேட்டது வேதியியல் பள்ளி. இயற்பியல் எப்படி உள்ளே வந்தது?

காலம் அப்படி. 1881இல் பாரிஸில் பன்னாட்டு மின்சாரக் கண்காட்சி நடந்தது. எடிசனின் விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அந்த நேரத்தில் தொழிலுக்கென்று ஒரு பள்ளி தொடங்கிவிட்டு மின்சாரத்தை விட்டுவிட முடியுமா? இரண்டையும் சேர்த்தார்கள். மாணவர்கள் முதலில் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டு, அப்புறம் ஏதாவது ஒன்றுக்குப் பிரிந்து போவார்கள். வேதியியலாளருக்கு மின்னோட்டமானி பழக்கம், இயற்பியலாளருக்குக் குடுவை பழக்கம். ரேடியம் கதையைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இயக்குநர்கள் எல்லோரும் அல்சாஸ்காரர்கள் என்கிறார்களே?

முதல் மூன்று பேரும் அப்படித்தான். போல் ஷுட்ஸன்பெர்ஜே (1882-1897) ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்து, முலூஸில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். செல்லுலோஸ் அசிடேட்டை முதலில் தயாரித்தவர் அவர்தான். அடுத்து லோத். மூன்றாமவர் அல்பன் ஹாலர், 1925 வரை. இவர் அதற்கு முன்பே நான்சி நகரில் ஒரு வேதியியல் நிறுவனத்தை உருவாக்கியிருந்தார். எல்லைக்கு அந்தப்பக்கம் விட்டுவந்த பள்ளியை இவர்கள் பாரிஸில் மறுபடி கட்டிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அங்கே யார் படித்தார்கள்? பணக்கார வீட்டுப் பிள்ளைகளா?

இல்லை, அதுதான் விசேஷம். கட்டணம் கிடையாது. முதல் வகுப்பில் 30 பேர். லத்தீன், கிரேக்கம் எல்லாம் கற்றுத்தரும் லிசே என்ற உயர்நிலைப் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கென்று கட்டிய கல்லூரி அல்ல இது. நகரசபையே நடத்திய லவாய்சியே பள்ளி போன்ற, தொடக்கப் பள்ளி முடித்தவர்களுக்கான மேல்நிலைத் தொடக்கப் பள்ளிகள் இருந்தன. கைத்தொழில் செய்பவர்கள், சின்னக் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்து, இங்கே நுழைவுத் தேர்வு எழுதி வருவார்கள். பின்னாளில் பெரிய இயற்பியலாளரான போல் லான்ஜுவான் லவாய்சியேவிலிருந்து வந்தவர்தான், 16 வயதில். தொடக்கப் பள்ளியிலிருந்து பொறியாளர் பட்டயம் வரை ஒரு பையனை நகரசபையே கைபிடித்துக் கூட்டிப்போகலாம் என்பது அந்தக் காலத்துப் பிரான்சில் சாதாரண விஷயம் இல்லை.

பியேர் கியூரி அங்கே பேராசிரியரா?

முதலில் இல்லை. 1882இல் சேரும்போது அவருக்கு வயது 23. மாணவர்களின் செய்முறை வகுப்புகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் அண்ணன் ஷாக்கோடு சேர்ந்து அழுத்தமின் விளைவைக் கண்டுபிடித்திருந்தார்: குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்பது. ஆனாலும் கல்லூரியில் அவருக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இல்லை. மாடிப்படிக்கும் கருவி அறைக்கும் நடுவிலிருந்த நடைபாதையில் தன் சோதனைகளைச் செய்தார். மாதச் சம்பளம் சுமார் 300 பிராங்க், ஒரு தேர்ந்த ஆலைத் தொழிலாளி வாங்குகிற அளவு.

முனைவர் பட்டத்துக்கான காந்தவியல் ஆய்வை முடிக்க அவருக்கு 1895 வரை ஆனது. அவசரமே படாத மனிதர். அதே ஆண்டில்தான் பேராசிரியர் பதவி, அதே ஆண்டு ஜூலையில் மரியா ஸ்க்லோடோவ்ஸ்காவுடன், அதாவது நாம் அறிந்த மேரி கியூரியுடன், திருமணம். எஃகின் காந்தப் பண்பு பற்றி மேரி அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். கணவரின் கல்லூரியிலேயே வைத்துச் செய்துகொள்ள ஷுட்ஸன்பெர்ஜே இடம் கொடுத்தார். பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. இடம் மட்டும்தான்.

ரேடியத்தை உண்மையில் எப்படிப் பிரித்தார்கள்? கொட்டகை என்கிறார்களே?

இரண்டு இடங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். 1897 டிசம்பரில் மேரி தொடங்கியது கல்லூரியின் தரைத்தளத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு அறையில். சரக்கு வைக்கும் இடம், ஈரம் வேறு. 1898 பிப்ரவரியில் ஒருநாள் குறிப்பேட்டில் 6.25 டிகிரி என்று வெப்பநிலையைப் போட்டு, பக்கத்திலேயே வரிசையாக ஆச்சரியக்குறிகளைப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு கனிமமும் சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது என்று அளந்து பார்ப்பதுதான் வேலை. அளந்தது கியூரி சகோதரர்களின் குவார்ட்ஸ் கருவியால். பிட்ச்பிளெண்டு கனிமத்தில் இருக்கும் யுரேனியத்துக்குக் கணக்குப் போட்டால் வரவேண்டியதைவிட அளவு பல மடங்கு அதிகம் வந்தது. தெரியாத தனிமம் ஏதோ உள்ளே இருக்கிறது என்று பொருள். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பர் 26இல் ரேடியம் என்று அறிவித்தார்கள்.

அறிவித்தால் போதுமா? வேதியியலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணில் காட்டு, அணு எடையைச் சொல் என்பார்கள். கொட்டகை அப்போதுதான் வருகிறது. முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில், ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் படித்த மரக் கொட்டகை. கண்ணாடிக் கூரை, மழை பெய்தால் ஒழுகும். நச்சுப்புகையை இழுத்துவிட வசதி கிடையாது. அதனால் புகை வரும் வேலையையெல்லாம் முற்றத்தில் வைத்துச் செய்தார்கள். ஜெர்மன் வேதியியலாளர் ஓஸ்ட்வால்ட் அங்கே வந்து பார்த்துவிட்டு, மாட்டுத் தொழுவத்துக்கும் உருளைக்கிழங்குக் கிடங்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்றார்.

கச்சாப்பொருள் அப்போது ஆஸ்திரியாவின் கீழ் இருந்த பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்டால் சுரங்கத்திலிருந்து வந்தது. கண்ணாடிக்கு நிறமேற்ற அங்கே யுரேனியத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பைன் காட்டில் கொட்டிவிடுவார்கள். ஆஸ்திரிய அரசு ஒரு டன் கழிவைச் சும்மாவே கொடுத்தது, ஏற்றுக்கூலி மட்டும் கியூரிகளுடையது. மூட்டையைப் பிரித்தால் பழுப்புத் தூளோடு பைன் ஊசியிலைகளும் கலந்து கிடந்தனவாம்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க உடம்பு வேலை. ஒரு தடவைக்கு 20 கிலோ வரை எடுத்துக் காய்ச்சி, தன் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்த இரும்புக் கம்பியால் மேரி கிளறுவார். வடிகட்டி, வீழ்படிவாக்கி, மறுபடி கரைத்துக் கடைசியில் பேரியம் குளோரைடு வரும். ரேடியம் அந்தப் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் வேதிக்குணம் ஏறக்குறைய ஒன்று என்பதால் எந்த வினைபொருளைப் போட்டாலும் பிரியாது. ஒரே ஒரு வித்தியாசம்: ரேடியம் குளோரைடு கொஞ்சம் குறைவாகக் கரையும். கொதிக்கும் நீரில் கரைத்து ஆறவிட்டால் முதலில் இறங்கும் படிகத்தில் ரேடியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மேலே நிற்கும் நீரில் குறைவாக இருக்கும். படிகத்தை எடுத்து மறுபடி கரை, மறுபடி ஆறவிடு. நீரை வற்றவைத்து அதிலிருந்தும் படிகம் எடு. வரிசையாகக் கிண்ணங்கள் நிற்கும். ஒன்றின் படிகம் அடுத்ததன் நீரோடு சேரும். இப்படியே ஆயிரக்கணக்கான தடவை. தூய்மை கூடக்கூடக் கிண்ணம் சிறியதாகும், காற்றில் பறக்கும் தூசியும் இரும்புத்துகளும் விழுந்து கெடுக்கும்.

1902இல் கையில் இருந்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அணு எடை 225 என்று கணித்தார். இன்றைய மதிப்பு 226.

எல்லாவற்றையும் மேரி ஒருவரே செய்தாரா?

இல்லை. கழிவை முதலில் பதப்படுத்தும் கனமான வேலையைப் பிறகு ஒரு வேதிப்பொருள் கம்பெனி எடுத்துக்கொண்டது. பியேரின் அளவைக் கருவிகளை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த கம்பெனிதான் அது. அந்த வேலையை மேற்பார்த்தவர் இதே கல்லூரியில் படித்த ஆந்த்ரே தெபியர்ன். 1899இல் ஆக்டினியத்தைக் கண்டுபிடித்தவர்.

இன்னொருவர் குஸ்தாவ் பெமோன். கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்புகளின் தலைவர். ரேடியத்தை அறிவித்த கட்டுரையில் கியூரிகளோடு மூன்றாவது பெயர் அவருடையது. நோபல் பட்டியலில் அவர் இல்லை, பாடப்புத்தகத்திலும் இல்லை. வோக்லேன் தெருச் சுவரிலுள்ள பலகையில் மட்டும் இருக்கிறார்.

அப்படியென்றால் கல்லூரி கியூரிகளை அலட்சியப்படுத்தியதா?

திரைக்கதைக்கு அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும். எனக்கு ஒப்புதல் இல்லை. கல்லூரியிடம் பணம் இல்லை. அதன் வேலை பொறியாளர்களை உருவாக்குவது, ஆராய்ச்சி அதன் கணக்கிலேயே இல்லை. ஆனால் பதவி இல்லாத ஒரு பெண்ணை உள்ளே விட்டது, கருவிகளைப் பயன்படுத்த விட்டது, கொட்டகையைக் கொடுத்தது, யாரும் வந்து 'இதனால் என்ன லாபம்?' என்று கேட்கவில்லை. பியேரின் கோபம் அரசின் மேல்தான். லீஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுக்கிறோம் என்றபோது, விருது வேண்டாம், ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்று திருப்பி எழுதினார். 22 ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு 1904இல் சோர்போனுக்குப் போனார். இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1906 ஏப்ரலில் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

இங்கே படித்த மற்றவர்கள்?

பட்டியல் நீளம். லுட்டீசியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் உர்பேன் இங்கே படித்தவர். ஆனால் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒரே காலத்தில் இங்கே படித்தவர்கள்.

ஒருவர் ஜார்ஜ் க்ளோத். காற்றைத் திரவமாக்கும் முறையைத் தொழிலாக்கினார். 1902இல் ஏர் லிக்கிட் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. காற்றைப் பிரிக்கும்போது நியான் வாயு மிஞ்சும். அதைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சி, 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் செம்மஞ்சள் ஒளியை எரியவிட்டார். நம் ஊர்க் கடைப் பலகையில் நியான் விளக்கு எரிந்ததெல்லாம் அதற்குப் பின்னால்தான். கடல்நீரின் மேல்மட்டத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 1930இல் கியூபா வரை போனார். ஆனால் இரண்டாம் உலகப்போரில் வெளிப்படையாகவே நாஜிகள் பக்கம் நின்றார். 1945இல் ஆயுள் தண்டனை கிடைத்தது, சில ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்டார்.

இன்னொருவர் லான்ஜுவான். பியேரின் மாணவர், பிறகு இங்கே பியேரின் இடத்துக்கே பேராசிரியராக வந்தவர். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க வழி தேடியபோது, ஆசிரியரின் குவார்ட்ஸ் அவருக்கு நினைவு வந்தது. அழுத்தினால் மின்சாரம் வருமென்றால், மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். குவார்ட்ஸ் தகடுகளை இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை நீருக்குள் அனுப்பினார். 1918இல் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி திரும்பி வந்தது. ஒலியால் நீருக்குள் இருப்பதைக் கண்டறியும் சோனார் அங்கிருந்துதான் வளர்ந்தது. மருத்துவமனை ஸ்கேனும் அதே வழிதான்.

1925இல் ஹாலர் இறந்த பிறகு கல்லூரிக்கு இயக்குநரானார். இடதுசாரி, பாசிசத்துக்கு எதிராகப் பேசியவர். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும் 1940 அக்டோபரில் அவரைக் கைதுசெய்து, பிறகு த்ருவா நகரில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். மருமகன் ஷாக் சொலமோன் 1942இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1944இல் லான்ஜுவான் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். பாரிஸ் விடுதலையான பின் திரும்பி வந்து, 1946 டிசம்பரில் இறக்கும்வரை அதே நாற்காலி. உடல் இப்போது பிரான்சின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தியோனில் இருக்கிறது, கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம்.

ஜோலியோ-கியூரியும் இங்கே படித்தவரா?

ஆம், பிரெடெரிக் ஜோலியோ. அவரும் லவாய்சியே பள்ளி வழியாக வந்தவர். இங்கே படித்து முடித்தபோது பிரான்சின் பள்ளி இறுதிப் பட்டமான பக்கலோரியாகூட முழுதாக அவரிடம் இல்லை. 1925இல் லான்ஜுவான் அவரை மேரி கியூரியிடம் அனுப்பினார். மேரியின் ஆய்வகம் இருந்த ரேடியம் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே விட்டுப்போன தேர்வுகளை எழுதி முடித்தார். பத்து ஆண்டில், மேரியின் மகள் ஐரீனோடு சேர்ந்து வேதியியல் நோபல், செயற்கைக் கதிரியக்கத்துக்காக.

மொத்தம் எத்தனை நோபல்?

எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. படித்தவர்கள், வேலை செய்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால்: பியேர் (1903), மேரி (1903, 1911), ஜோலியோ (1935), த ஜென் (1991), ஷார்பாக் (1992). இதில் மாணவர் ஜோலியோ மட்டும். ஷார்பாக்கின் பரிசு ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் அவர் செய்த துகள் உணர்விக்காக. இங்கே அவர் 1984 முதல் பேராசிரியர். 'ஆறு நோபல்' என்று விளம்பரம் செய்யும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

த ஜென் என்ன மாற்றினார்?

பியேர்-ஜில் த ஜென் 1976 முதல் 2002 வரை இயக்குநர். திரவப் படிகம், பலபடிகள் பற்றி ஆராய்ந்தவர். கணிதத்தில் கெட்டிக்காரரான இவருக்கே, பிரெஞ்சுக் கல்வி கணிதத்தைத் தூக்கித் தலையில் வைத்து ஆடுகிறது என்று வருத்தம். கையால் செய், சுமாராகக் கணக்குப் போட்டுப் பார், அப்புறம் சமன்பாட்டுக்குப் போ என்பார். நான்கைந்து மாணவர்கள் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் வகுப்புகளைக் கொண்டுவந்தார். 1994இல் உயிரியலைப் பாடத்திட்டத்தில் சேர்த்தார். நோபல் கிடைத்த பிறகு சுமார் 200 பள்ளிகளுக்குப் போய் மாணவர்களிடம் பசை, சோப்புக் குமிழி பற்றியெல்லாம் பேசினார்.

பெயர் எப்போது மாறியது?

முதலில் 'மாநகராட்சிப் பள்ளி'. இப்போதைய பெயர் 1948இலிருந்து. இடையில் 1934இல் வந்த சட்டம் பொறியாளர் பட்டத்துக்குக் காப்பு கொடுத்தது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் மட்டுமே பிரான்சில் அந்தப் பட்டத்தை வழங்க முடியும்.

பாரிஸில் ஷிமி பாரிடெக் என்று ஒரு வேதியியல் கல்லூரி இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, அடிக்கடி நடக்கும் குழப்பம். அதை 1896இல் ஷார்ல் ஃப்ரீடெல் தொடங்கினார். ஆமாம், அவரும் ஸ்ட்ராஸ்பூர்க்காரர்தான். அது இருப்பது பியேர்-மேரி கியூரி தெருவில். ரேடியம் பிறந்த கல்லூரி வோக்லேன் தெருவில், கியூரி பெயர் கொண்ட தெருவில் வேறொரு வேதியியல் கல்லூரி. குழம்பாமல் என்ன செய்யும்? இப்போது இரண்டுமே பி.எஸ்.எல். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. லியோன் (1883), நான்சி (1887) பள்ளிகளும் ஏறக்குறைய அதே காலத்தவை. முலூஸ் பள்ளி முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பியது, இன்றும் நடக்கிறது.

இப்போது எப்படிச் சேர்கிறார்கள்?

பிரெஞ்சு மாணவர்கள் பள்ளிக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பில் படித்து, எகோல் பாலிடெக்னிக்கோடு பொதுவாக நடக்கும் போட்டித் தேர்வை எழுதுகிறார்கள். படிப்பு நான்கு ஆண்டு. ஒரு வகுப்புக்கு நூறு பேருக்கும் குறைவு. ஆய்வுக்கூட வேலை இன்னும் பாடத்திட்டத்தின் பெரிய பங்கு. வந்து சேர்பவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். லவாய்சியேவிலிருந்து வந்த கைத்தொழிலாளி வீட்டுப் பையன் இன்றைய ஆயத்த வகுப்பு முறையில் இவ்வளவு தூரம் வந்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்க்கலாமா?

இடித்துவிட்டார்கள். வோக்லேன் தெருவில் சுவர்ப்பலகையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். கியூரி அருங்காட்சியகம் பத்து நிமிட நடையில் இருக்கிறது, அனுமதி இலவசம், மேரியின் பிற்கால ஆய்வுக்கூடத்தையும் மேசையையும் பார்க்கலாம். வழிகாட்டி யாராவது 'ரேடியத்தை இங்கேதான் கண்டுபிடித்தார்கள்' என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கட்டடம் கட்டி முடிந்ததே 1914இல்.